கேள்வி–பதில்: நகையில் இருக்கும் முத்திரையை அடித்தது யார்?

தங்க நகையின் தர முத்திரை பற்றி வந்த கடிதங்களில் பலவும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: "முத்திரை இருக்கிறது, நம்பலாமா?" முத்திரை தானாகப் பேசுவதில்லை. அதை அடித்தவர் யார், அவரைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்க முடியுமா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. கீழே உள்ள பதில்களை அந்த நினைப்போடு படியுங்கள்.

என் அக்கா சவூதியில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தாள். கொண்டுவந்த இரண்டு வளையலிலும் 875 என்று அடித்திருக்கிறது. டவுனில் உள்ள கடையில் "இது 22 இல்லை" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அக்கா ஏமாந்துவிட்டாளா?
– வாசகி, தலவாக்கலை

அக்கா ஏமாறவில்லை. சவூதியில் பெரும்பாலும் 21 கரட் நகைதான் விற்கிறார்கள். 875 என்பது அதே 21 கரட்டை வேறு விதமாக எழுதியது, அவ்வளவுதான். கரட் கணக்கில் மொத்தம் 24 பங்கு. இந்த மூன்று இலக்கக் கணக்கில் மொத்தம் 1000 பங்கு. 21ஐ 24ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 875 வரும். அதே மாதிரி 22 கரட் 916, 20 கரட் 833, 18 கரட் 750, 9 கரட் 375. 14 கரட்டை மட்டும் 585 என்று அடிப்பார்கள். கணக்கு 583தான் வரும், ஆனாலும் உலக வழக்கம் 585. லெபனானில் இருந்து வருகிற நகை அதிகமும் 750. டுபாயில் 22 நிறையக் கிடைக்கும். சிங்கப்பூர் நகையில் 916 என்று இருக்கும்.

கடைக்காரர் "22 இல்லை" என்றது உண்மை. அதற்காக எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வளையலும் சேர்ந்து 16 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்தத் தங்கம் 16 × 0.875 = 14 கிராம். இதே 16 கிராம் 22 கரட்டாக இருந்தால் 14.67 கிராம் இருந்திருக்கும். ஆக 22 கரட் விலையில் நூற்றுக்கு நாலரை ரூபா அளவுதான் குறைய வேண்டும். பத்து, பதினைந்து என்று குறைத்தால் அவர் அதை 21ஆக எடுக்கவில்லை என்று அர்த்தம். 18 கரட் என்றால் அதே எடையில் 12 கிராம்தான் தங்கம். பேசும்போது, "அண்ணே, இன்றைக்கு 24 கரட் பவுண் என்ன விலை? அதை எட்டால் வகுத்து 14ஆல் பெருக்குங்கள்" என்று கேளுங்கள். அங்கே தொடங்கி, அவர் கழிக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலையகத்தில் தங்கத்தையே "பவுணு" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. வியாபாரத்தில் பவுண் என்பது எடை மட்டும்தான், 8 கிராம். தரத்தை அது சொல்லாது. "இரண்டு பவுண் சங்கிலி" என்று எழுதிய பற்றுச்சீட்டு 22 கரட்டுக்கும் பொருந்தும், 18 கரட்டுக்கும் பொருந்தும். கரட் எழுதாத சீட்டால் பாதிப் பயன்தான்.

கடையில் 22 முத்திரை பார்த்து வாங்கிய இரண்டு பவுண் சங்கிலி. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வங்கியில் அடகு வைக்கப் போனபோது 20 கரட் என்று போட்டுவிட்டார்கள். கடையில் கேட்டால் "பற்று வைத்த இடத்தில் உரைத்திருப்பார்கள்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், மஸ்கெலியா

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வங்கியில் நடந்தது என்ன என்று பார்ப்போம். அங்கே உரைகல் வைத்திருப்பார்கள், மழமழப்பான கறுப்புக் கல். நகையை அதில் இழுத்து ஒரு கோடு போடுவார்கள். பக்கத்தில் தரம் தெரிந்த ஆணிகளால் 18, 20, 22 என்று கோடுகள் போடுவார்கள். எல்லாக் கோடுகளுக்கும் குறுக்கே ஒரு துளித் திராவகத்தை இழுப்பார்கள். செம்பும் வெள்ளியும் அதிகமாக உள்ள கோடு மங்கும், தங்கம் அதிகமாக உள்ளது அப்படியே நிற்கும். உங்கள் நகைக்கோடு எந்த ஆணியின் கோட்டோடு ஒத்துப் போகிறதோ அதுதான் அதன் மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் சொல்கிற சொல்லும் இந்தக் கல்லில் இருந்து பிறந்ததுதான்.

பழகிய கைக்கு இது நல்ல சோதனை. ஆனால் கண்ணால் நிறம் பார்த்துச் சொல்வதால் ஒரு கரட் முன்பின் ஆவதற்கு இடம் உண்டு. மற்றது, வங்கி பார்ப்பது தன் கடனுக்குப் போதுமான ஈட்டை. 22ஆ 21ஆ என்று சந்தேகம் வந்தால் குறைந்ததைத்தான் எழுதுவார்கள். ஆகவே அடகுச் சீட்டில் எழுதிய கரட்டை வைத்து மட்டும் கடைக்காரர் ஏமாற்றினார் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி பற்று. சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டுவதற்குத் தங்கத்தை விடச் சீக்கிரம் உருகும் கலவை வேண்டும். அதில் செம்பு, வெள்ளி, நாகம் (துத்தநாகம்) கூடுதலாக இருக்கும், தங்கம் குறையும். ஒரு சங்கிலியின் எடையில் நூற்றுக்கு 5 பங்கு பற்று என்றும், அந்தப் பற்றில் தங்கம் 650 பங்குதான் என்றும் வைத்துக்கொள்வோம். முழுச் சங்கிலியையும் உருக்கினால் 903 வரும். அதாவது 21.7 கரட். பற்று 10 பங்கு என்றாலும் 890தான், 21.3 கரட்டுக்குக் கீழே போகாது. உருக்கி 20 கரட் வர வேண்டும் என்றால் சங்கிலியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் பற்றாகவே இருக்க வேண்டும். அப்படி யாரும் நகை செய்வதில்லை. அரைக் கரட், கூடினால் முக்கால் கரட் குறைவுக்குத்தான் பற்று காரணம் ஆகும். இரண்டு கரட் குறைந்தால் இரண்டில் ஒன்று: உரைத்தவர் சரியாகப் பற்று மேலேயே கல்லை இழுத்திருக்கிறார், அல்லது சங்கிலியே தரம் குறைந்தது.

எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. மீட்டபின், தெரிந்த பத்தர் ஒருவரிடம் மூன்று இடத்தில் உரைக்கச் சொல்லுங்கள்: முத்திரை உள்ள சிறு தகடு, நடுச் சங்கிலியில் ஒரு வளையத்தின் வெளி வளைவு, கொக்கிக்குப் பக்கத்து ஒட்டு. தகடு 22ஐயும் வளைவு 20ஐயும் காட்டினால் விஷயம் தெளிவு. நல்ல தகட்டைத் தரம் குறைந்த சங்கிலியில் ஒட்டியிருக்கிறார்கள். இது பழைய தந்திரம். முத்திரை அது அடிக்கப்பட்ட அந்தத் துண்டுக்கு மட்டுமே சாட்சி. தகடும் வளைவும் 22 காட்டி, ஒட்டு மட்டும் குறைந்தால் வங்கியில் கல்லை இழுத்த இடம்தான் பிழை. மூன்றும் குறைந்தால் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உரைகல்லை வைத்து வாதாட வேண்டாம், அதை விட உறுதியான சோதனை வேண்டும். எக்ஸ் கதிர் இயந்திரம் நகையைக் கீறாமல் ஒரு நிமிடத்துக்குள் தங்கம், வெள்ளி, செம்பு, நாகம் எல்லாவற்றையும் வீதத்தோடு காட்டும். ஆனால் அது பார்ப்பது தலைமுடியின் தடிப்பை விடக் குறைந்த ஆழத்தைத்தான். தடிப்பாக முலாம் பூசியிருந்தால் அதுவும் ஏமாறும். அதனால் அதிலும் மூன்று இடம் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலான தீர்ப்பு நெருப்புச் சோதனை. கால் கிராம் அளவு துண்டை வெட்டி, வெள்ளி சேர்த்து ஈயத்தாளில் சுற்றி, 1000 பாகைக்கு மேலான உலையில் சிறு மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) வைப்பார்கள். ஈயமும் செம்பும் மூசைக்குள் ஊறிப் போகும், தங்கமும் வெள்ளியும் மணியாக நிற்கும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கி நைத்திரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து சுத்தத் தங்கம் மிஞ்சும். அதை நிறுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட மறையாது. தங்கத்தின் தரத்தைச் சோதித்துத் தரும் சேவை கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் உண்டு. இரண்டு பவுண் நகைக்காக ஒரு நாள் ரயில் ஏறுவது வீண் வேலை இல்லை.

நீலகிரியில் இருக்கும் எங்கள் பெரியம்மா, மகள் சடங்குக்கு ஒரு மோதிரமும் தோடும் கொண்டுவந்து போட்டார். அதில் முக்கோணமாக ஒரு சின்னமும், பக்கத்தில் எழுத்தும் இலக்கமும் கலந்து ஏதோ இருக்கிறது. அது என்ன?
– வாசகி, பண்டாரவளை

அது இந்தியத் தர அமைவனமான பி.ஐ.எஸ். நிறுவனத்தின் முத்திரை. கடைக்காரர் தானே அடித்தது அல்ல, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் பரிசோதித்தபின் அடித்தது. கடைக்கு வெளியே இன்னொருவர் பொறுப்பேற்கிறார் என்பதால் அதற்கு எடை அதிகம்.

இந்தியாவில் 2021 ஜூன் 16 முதல் இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. இப்போதைய முத்திரையில் மூன்று பகுதி: முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, பிறகு ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இடக் குறியீடு. இந்தக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இடக் குறியீடு இல்லாத முத்திரையோடு கடைகள் விற்கக் கூடாது. அதற்கு முன்பு வாங்கியது என்றால் நான்கு குறி இருக்கலாம், அதில் சோதனை நிலையத்தின் அடையாளமும் கடையின் அடையாளமும் சேரும். அதுவும் செல்லும்.

பி.ஐ.எஸ். கேர் என்ற கைத்தொலைபேசிச் செயலியில் அந்த ஆறு இடக் குறியீட்டைத் தட்டினால் கடையின் பதிவு, சோதனை நிலையம், தரம், நகையின் வகை ஆகியவை வரும். வகையைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் கையில் தோடு இருக்கிறது, திரையில் "மோதிரம்" என்று வந்தால் யாரோ வேறு நகையின் குறியீட்டைப் பார்த்து இதில் பொறித்திருக்கிறார்கள். குறியீடு உண்மையானது, நகைதான் அதற்குரியது அல்ல. இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் "செயலியில் வருகிறதே" என்று திருப்திப்படுவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

குறியீடு மிகச் சிறிது. மிதமான சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். நேர் வெளிச்சத்தில் மினுக்கம் எழுத்தை மறைக்கும், சாய்ந்த வெளிச்சத்தில்தான் குழி நிழலாகத் தெரியும். மோதிரத்தில் உட்பக்கம், தோட்டில் தண்டு அல்லது பின்பக்கம், வளையலில் உட்பக்கம், சங்கிலியில் கொக்கிக்கு அருகே தேடுங்கள்.

கே.டி.எம். என்று போட்டிருந்தால் அது 916ஐ விட உயர்ந்த தரமா?
– வாசகர், புசல்லாவ

தரமே இல்லை. பற்று வைக்கக் கட்மியம் என்ற உலோகத்தைச் சேர்த்த முறைக்கு வந்த பெயர் அது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு கட்மியம் சேர்த்தால் ஒட்டுக் கலவையிலும் தங்கம் குறையாது. அதனால் "உருக்கினாலும் மாற்றுக் குறையாது" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஆனால் கட்மியத்தின் புகை பத்தரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகையைப் போடுகிறவருக்கு நல்லது என்று சொல்லி, செய்கிறவரின் உயிரை எடுத்த முறை. இந்தியத் தர விதிகளில் கட்மியத்துக்கு இடமில்லை. அந்த மூன்று எழுத்தைப் பார்த்து ஒரு ரூபாவும் கூடக் கொடுக்காதீர்கள். கரட் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

மலிவாகக் கிடைத்த சங்கிலியில் 925 என்று இருக்கிறது. 916ஐ விடக் கூடின எண் அல்லவா? தங்கை வாங்கியதில் 18கே ஜி.பி. என்று இருக்கிறது.
– வாசகி, கண்டி

925 வெள்ளியின் எண். மஞ்சள் நிறத்தில் இருந்தால் வெள்ளிக்குத் தங்க முலாம் பூசியது. தங்கையினுடையதும் முலாம்தான், ஜி.பி. என்றால் தங்க முலாம். ஜி.இ.பி., எச்.ஜி.இ. இரண்டும் மின்முலாம். ஆர்.ஜி.பி., ஜி.எஃப். என்றால் மேலே மெல்லிய தங்கத் தகடு ஒட்டியது. ஜி.எஃப். நகையில் 1/20 என்றும் இருக்கும், மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் அந்தத் தகடு. ஒரு கிராம் கோல்ட் என்று விற்பதும் முலாம் வகைதான். ஆனால் 14கே பி. என்று வெளிநாட்டு நகையில் தனியாக ஒரு பி. வந்தால் பயப்பட வேண்டாம், "கரட் குறையாமல் சரியாக 14" என்பதற்கான குறி அது. முன்னால் ஜி. இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

காந்தத்தால் சோதிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டினால் அது தங்கம் இல்லை என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. பித்தளை, செம்பு, வெள்ளி, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் உருக்கு ஸ்பிரிங் இலேசாக இழுக்கும். அதைப் பார்த்து முழு நகையையும் சந்தேகப்பட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு, 0.01 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். நகையை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை தண்ணீரைத் தராசில் வைத்து, இலக்கத்தைப் பூச்சியமாக்குங்கள். நகையை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது காட்டுகிற எண்ணால் நகையின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 16 கிராம் வளையல் 22 கரட் என்றால் 0.90க்குக் கிட்டக் காட்டும், 18 கரட் என்றால் 1.03க்குக் கிட்ட, வெள்ளி என்றால் 1.52, பித்தளை என்றால் 1.9 அளவு. நுவரெலியாக் குளிர் தண்ணீரானாலும் கணக்கு மாறாது. ஆனால் காற்றுக் குமிழ் மாட்டினால் மாறும். அதனால் தண்ணீரில் ஒரு துளிச் சவர்க்கார நீர் விட்டு, நகையை ஒருமுறை குலுக்கி மூழ்க விடுங்கள். கல் வைத்த நகை, உள்ளே அரக்கு அடைத்தது, பொள்ளலான வளையல், 4 கிராமுக்குக் குறைந்த மோதிரம் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. 22க்கும் 21க்கும் இடையிலான வித்தியாசத்தையும் இதில் நம்பிச் சொல்ல முடியாது. பித்தளையையும் வெள்ளியையும் பிடித்துக் கொடுக்கும், அதுவே பெரிய உதவி.

கல்யாண மோதிரம் ஒரே இரவில் வெள்ளையாகிவிட்டது. உட்பக்கம் 22 முத்திரை அப்படியே இருக்கிறது. மேலே பூசிய தங்கம் போய்விட்டதா?
– வாசகி, பொகவந்தலாவ

முலாம் போனால் கீழே பித்தளையின் மங்கல் மஞ்சளோ செம்பின் சிவப்போ தெரியும், அதுவும் விளிம்பில் தொடங்கி மெதுவாகத் தெரியும். ஒரே இரவில் வெள்ளித் திட்டாக மாறினால் பாதரசம் பட்டிருக்கிறது. உடைந்த காய்ச்சல்மானி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: முகம் வெளுக்க என்று விற்கும் சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. கிறீம் பூசிய விரலில் இருந்த மோதிரம் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

மோதிரம் அசல் தங்கமாகவே இருக்கலாம். பாதரசத்தோடு இப்படிக் கலப்பது தங்கத்தின் இயல்பு. தேய்த்தாலும் போகாது. வீட்டு அடுப்பில் சூடு காட்டவே கூடாது, பாதரச ஆவி மூச்சில் போனால் நஞ்சு, லயத்து அறைக்குள் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு சிறு போத்தலில் மூடி வைத்து, "பாதரசம் பட்டது" என்று சொல்லியே பத்தரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர் ஊதுகுழலை வைத்து அந்த ஆவியைச் சுவாசிப்பார். அந்தக் கிறீமையும் அன்றே நிறுத்துங்கள். மோதிரத்தை வெளுத்தது உங்கள் உடம்புக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது.

பகலில் எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன நேரம், லயத்துக்கு வந்த இருவர் அம்மாயியின் சங்கிலிக்குக் கண்முன்னே மெருகு போட்டுக் கொடுத்தார்கள். பளபளப்பாக இருந்தது. பிறகு நிறுத்தால் கால் பவுண் குறைகிறது. முத்திரை இருக்கிறது. சங்கிலியை மாற்றிவிட்டார்களா?
– வாசகர், ராகலை

மாற்றவில்லை, கரைத்துவிட்டார்கள். நைத்திரிக் அமிலம் ஒரு பங்கும் ஐதரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்தால் இராசதிராவகம். தனித்தனியே எந்த அமிலத்துக்கும் மசியாத தங்கம் இதில் கரையும். சங்கிலியைச் சில நிமிடம் முக்கி எடுத்து, மஞ்சளும் தூளும் போட்டுத் துலக்கிக் கொடுத்தால் புதிதுபோல் மின்னும். தங்கம் அவர்கள் கொண்டுபோகும் கிண்ணத்துத் தண்ணீரில் போய்விடும். கால் பவுண் என்றால் 2 கிராம்.

முத்திரையை உற்றுப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு உருண்டு, குழி ஆழம் குறைந்திருக்கும். வளையங்களின் கூர் முனைகள் மழுங்கியிருக்கும். மிச்சமிருக்கும் தங்கத்தின் தரம் குறையாது, 22 கரட் 22தான். எடைதான் போயிற்று. வளையங்கள் மெலிந்திருப்பதால் சங்கிலி இனிச் சீக்கிரம் அறும். தினமும் போடும் முன் ஒரு பத்தரிடம் காட்டுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். பழைய பற்றுச்சீட்டிலோ அடகுச் சீட்டிலோ முந்திய எடை எழுதியிருந்தால் அதுதான் உங்கள் ஆதாரம். பக்கத்து லயங்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், ஒரே நாளில் வரிசையாகப் பல வீடுகளைப் பார்ப்பவர்கள் இவர்கள். நகை துலக்க சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

பரம்பரைக் காசு மாலையில் உள்ள பவுண் காசுகளில் கரட் முத்திரை எதுவும் இல்லை. ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவர். எப்படி மதிப்பிடுவது?
– வாசகி, பசறை

பிரிட்டிஷ் பவுண் காசில் கரட் முத்திரை இருக்காது, அதை அடித்த அரசின் நாணயச்சாலைதான் அதற்கு முத்திரை. தரம் 22 கரட், எடை 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். விட்டம் 22.05 மில்லிமீற்றர். அரைப் பவுண் என்றால் 3.99 கிராம், 19.3 மில்லிமீற்றர். குதிரைமேல் இருப்பவர் பறவைநாகத்தை (டிராகனை) குத்தும் புனித ஜோர்ஜ், 1817இல் வந்த வடிவம். ஆண்டுக்கு மேலோ தலைக்குக் கீழோ தனி எழுத்து ஒன்று தெரிந்தால் அது நாணயச்சாலையின் குறி: எம் மெல்பேர்ன், எஸ் சிட்னி, பி பேர்த். ஐ என்றால் 1918இல் பம்பாயில் அடித்தது. அதைத் தரக்குறி என்று நினைக்க வேண்டாம்.

கழுத்தில் கிடந்து தேய்ந்த காசு அந்த 7.98 கிராமுக்கும் கீழே போயிருக்கலாம். வளையம் பற்றவைத்திருந்தால் எடை கூடியிருக்கும், அந்த வளையமும் பற்றும் 22 கரட்டாக இருக்க வேண்டியதில்லை. தங்கத்திலேயே செய்த போலிக் காசும் உண்டு. ஆகவே எடை, விட்டம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: எடை சரியாக இருந்து காசு தடித்திருந்தாலோ அகன்றிருந்தாலோ கலவை வேறு. எந்தக் காரணத்துக்கும் உரைகல்லில் காசின் முகத்தை உரைக்க விடாதீர்கள். காசாக விற்றால் கிடைக்கும் கூடுதல் விலை அந்தக் கீறலோடு போய்விடும்.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீட்டுப் பணம் எடுத்து நகை வாங்கப் போகிறோம். கடையில் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

இந்தியாவில் உள்ளதுபோல ஒவ்வொரு நகைக்கும் தனிக் குறியீடு பொறித்த கட்டாய முத்திரை இங்கே இல்லை. இலங்கைக் கடை நகையில் பெரும்பாலும் 22 அல்லது 916 என்றும், பக்கத்தில் கடையின் சுருக்கெழுத்தும் இருக்கும். கடைக்காரரே தரும் வாக்கு அது. ஆகவே அந்த வாக்கு கடதாசியிலும் இருக்க வேண்டும். முத்திரையும் பற்றுச்சீட்டும் சேர்ந்தால்தான் பிடி கிடைக்கும்.

கடைக்குள் போனதும் தராசைப் பாருங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் வருடாவருடம் சரிபார்த்து முத்திரை இடும் தராசாக இருக்க வேண்டும். நகை வைக்கும் முன் பூச்சியம் காட்டுகிறதா, காற்றாடிக் காற்று தட்டில் படுகிறதா என்று கவனியுங்கள். அட்டையையும் நூலையும் கழற்றிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைத் தனியாகக் கழிக்க வேண்டும். தங்க விலையில் கண்ணாடிக் கல்லை வாங்குவதுதான் கல்யாண நகையில் அதிகம் நடக்கும் நட்டம்.

பற்றுச்சீட்டில் ஒவ்வொரு நகைக்கும் தனி வரி கேளுங்கள்: நகையின் பெயர், கரட், மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் தனி எடை, அன்றைய ஒரு கிராம் விலை, செய்கூலி, சேதாரம். "நகை 5 பவுண்" என்று ஒரே வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். சேதாரத்தை வீதமாகச் சொன்னால் கிராமாக மாற்றிப் பாருங்கள்: 40 கிராமுக்கு நூற்றுக்கு 10 சேதாரம் என்றால் கையில் வராத 4 கிராமுக்கு, அரைப் பவுணுக்கு, காசு கட்டுகிறீர்கள். இயந்திரத்தில் செய்த எளிய சங்கிலிக்கு இவ்வளவு சேதாரம் ஆகாது, பேசிக் குறைக்க இடமுண்டு. திருப்பிக் கொடுத்தால் எந்தக் கரட்டாக, என்ன கழிவோடு எடுப்பார்கள் என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெண் பிள்ளையையும் கூட்டிப் போய் அவள் கையாலேயே அந்தச் சீட்டை வாங்கட்டும். நாளைக்கு அடகுக் கடையில் நிற்கப் போவது அவள்தான்.

பற்றுச்சீட்டைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. சீட்டில் எழுதிய கரட்டும் சோதித்த கரட்டும் பொருந்தாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். சீட்டின் எழுத்து சில வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். மூலத்தை நகைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள், திருடு போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

மூக்குத்தியில் முத்திரையே இல்லை. வாங்கலாமா?
– வாசகி, அப்புத்தளை

வாங்கலாம். அவ்வளவு சிறிய துண்டில் முத்திரை அடித்தால் தண்டு வளைந்துவிடும். இந்தியாவின் கட்டாய விதியிலும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு இருக்கிறது. கரட்டைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். திருகாணியும் அதே கரட்டா என்று தனியாகக் கேளுங்கள், சில இடங்களில் அதை மட்டும் வெள்ளியிலோ பித்தளையிலோ செய்து முலாம் பூசிப் போடுகிறார்கள். மூக்கு புண்ணாகி, தோல் கறுத்துப் பச்சை படர்ந்தால் முதலில் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள்.